தென்காற்றுக்கும் சேர்த்துக் கட்டு

நவம்பர் 11, 2018, ஞாயிறு

புயலுக்குப் பெயர் வைத்தாகிவிட்டது. கஜா. கடலூருக்கும் ஸ்ரீஹரிகோட்டாவுக்கும் நடுவே கரையேறும் என்கிறது அறிக்கை. வேதாரண்யம் கடைத்தெருவில் எல்லோர் முகத்திலும் நிம்மதி. எனக்கு வரவில்லை. இத்தனை தூரத்தில் நிற்கும் புயலுக்குக் கரையில் புள்ளி வைத்துச் சொல்ல யாராலும் ஆகாது. வடக்கே போனால் நமக்கு மழை. தெற்கே இறங்கினால் நம் தலைமேல்.

கடலில் இருப்பவர்களைத் திரும்பச் சொல்லிவிட்டார்கள். போன வருஷம் ஒக்கி வந்துபோன பிறகு இந்த ஒன்றில் யாரும் தாமதிப்பதில்லை.

நவம்பர் 12, திங்கள்

1977-இல் இதே தேதியில்தான் நாகைக்குப் பக்கத்தில் புயல் ஏறியது.

நவம்பர் 12, இரவு

வயதானவர்கள் 77-ஐ விட 52-ஐத்தான் அதிகம் பேசுகிறார்கள். 1952 நவம்பர் 30. யார் சொன்னாலும் ஒரே விஷயம் திரும்பத் திரும்ப வருகிறது: வாடையில் நின்ற வீடு சோளகத்தில் போனது. வாடை வடகாற்று, சோளகம் தென்காற்று. ஐப்பசி, கார்த்திகையில் காற்று வடக்கிலிருந்துதான் வரும் என்று நமக்குப் பழக்கம். அதனால் ஓலையை வடக்குப் பக்கம் வரிந்து கட்டுகிறோம், மாட்டைத் தெற்குச் சுவர் மறைவில் நிறுத்துகிறோம். புயலின் கண் நம் மேல் போனால் காற்று நேர் எதிராகத் திரும்பும். அப்போது அந்த மறைவுதான் முகப்பு.

தென்காற்றுக்கும் சேர்த்துக் கட்ட வேண்டும். நாளை பார்க்கிறவர்களிடமெல்லாம் இதைச் சொல்ல வேண்டும்.

நவம்பர் 13, செவ்வாய்

அறிக்கை மாறிவிட்டது. கடலூருக்கும் பாம்பனுக்கும் நடுவே, 15-ஆம் தேதி. நேர்கோட்டில் ஏறத்தாழ 280 கிலோமீட்டர். அதில் ஏறக்குறைய நட்டநடுவே நாம்.

இன்று முழுவதும் கூரை. ஊரில் பாதி வீடு சிமெண்ட் ஷீட். எல்லோரும் மணல் மூட்டையை ஏற்றிவிட்டுப் போதும் என்று இறங்குகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மணிக்கு 110 கிலோமீட்டர் காற்று ஒரு சதுர மீட்டரில் ஏறக்குறைய 57 கிலோ அழுத்தும். 10 அடி ஷீட் ஒன்றின் பரப்பு மூன்று சதுர மீட்டருக்குச் சற்று மேல். ஆக ஒரு ஷீட்டை மேலே இழுக்கும் விசை 180 கிலோவைத் தொடும். ஓரங்களிலும் முகட்டிலும் இன்னும் கூடும். ஷீட்டின் சொந்த எடை 40 கிலோ சொச்சம். 25 கிலோ மூட்டை இரண்டு வைத்தால் என்ன ஆகும்? காற்று 110-இலிருந்து 120 ஆனால் அழுத்தம் 57-இலிருந்து 68 ஆகிவிடும். வேகம் இரட்டித்தால் அழுத்தம் நான்கு மடங்கு. இதை மனசில் வைத்துக்கொண்டு மேலே ஏறுங்கள்.

மூட்டை அதிர்வைத்தான் அடக்கும். தூக்குதலைத் தாங்குவது ஜே போல்ட்டும் கயிறும். உப்புக்காற்றில் போல்ட்டின் வளைவுப் பகுதி, பைப்பைப் பிடிக்கும் இடத்தில், துரு தின்று பாதியாகியிருக்கும். மேலே நட்டு புதிதுபோல் தெரியும், நம்பாதீர்கள். உள்ளிருந்து டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். மாற்ற நேரம் இல்லையென்றால் ஓரத்து வரிசை, முகட்டு வரிசை, நான்கு மூலை, இவை மட்டுமாவது மாற்றுங்கள். தார் வாஷர் போட்டு, ஷீட்டின் மேட்டில்தான் துளை. பள்ளத்தில் துளைத்தால் ஒழுகும். நட்டை முறுக்கித் தள்ளினால் ஷீட் விரிசல் விடும்.

மூட்டையை முக்கால் பாகம் நிரப்பினால் போதும், அப்போதுதான் ஷீட்டின் வளைவில் படியும். குறுக்குப் பைப் ஓடும் கோட்டின் மேல் வைக்க வேண்டும். இரண்டு பைப்புக்கு நடுவில் வைத்தால் அதுவே ஷீட்டை உடைக்கும். இரண்டிரண்டாகக் கயிற்றில் இணைத்து முகட்டின் இருபுறமும் தொங்கவிட்டால் எந்தப் பக்கக் காற்றிலும் நழுவாது.

கூரைக்கு மேலே போகும் கயிற்றை எதில் கட்டுவது? மணல் தரையில் முளைக்குச்சி நிற்காது, ஈரமானால் கையாலேயே பிடுங்கலாம். 3 அடி ஆழத்தில் தென்னங்கட்டையைப் படுக்கைவசமாகப் புதைத்து, அதன் நடுவில் கயிற்றைக் கட்டி, மிதித்து மூட வேண்டும். வடக்கே இரண்டு, தெற்கே இரண்டு. தெற்கே இரண்டு!

ஓலை வீட்டுக்கு இத்தனை வேலை இல்லை. பழைய வலையை மேலே விரித்து நான்கு பக்கமும் இழுத்துக் கட்டினால் ஓலை பிரியாது. ஆனால் அந்த வீட்டுக்குள் ஆள் இருக்கக் கூடாது.

நவம்பர் 14, புதன்

வானம் வெளிறிக் கிடக்கிறது. புழுக்கம். காற்றே இல்லை.

மரம் ஏறுகிறவர்களுக்கு இன்று காலும் கையும் ஓயவில்லை. முற்றின குலை ஒன்று 12, 15 கிலோ. அப்படி நாலைந்து குலை 50 அடி உயரத்தில் ஆடினால் அந்த ஆட்டத்தைத் தண்டுதான் வாங்க வேண்டும். குலையை இறக்கு, அடிவரிசைப் பழுத்த மட்டையைக் கழி. மேலே நிற்கும் பச்சை மட்டையில் கை வைக்காதே, குருத்துக்கு அவைதான் அணை. வெட்டிய மட்டையைத் தோப்பிலேயே போட்டுவிட்டுப் போவதுதான் பெரிய ஆபத்து. ராத்திரி அது பறந்து அடுத்த வீட்டுச் சன்னலில் வந்து குத்தும். வாய்க்காலில் போட்டால் வடிகால் அடைத்துச் சம்பாப் பயிர் மூழ்கும். குழியில் போட்டு மண் தள்ள வேண்டும், இல்லை கட்டுக்கட்டி உள்ளே வைக்க வேண்டும்.

தோப்புக்கு இரண்டு நாளாகத் தண்ணீர் பாய்ச்ச வேண்டாம் என்று சொன்னதைச் சிலர் கேட்டார்கள். ஊறிய மணலில் வேருக்குப் பிடிப்பில்லை.

ஆனாலும் எத்தனை மரத்தில் ஏற முடியும்? ஒரு ஆள் நாளெல்லாம் ஏறினாலும் ஒரு தோப்பின் மூலைதான் முடிகிறது. தேத்தாக்குடி, செம்போடை, கருப்பம்புலம் என்று தோப்பு தோப்பாய்க் கிடக்கிறது. நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது.

ஆறுகாட்டுத்துறையில் பைபர் போட்டுகளை டிராக்டர் வைத்து மேட்டுக்கு இழுக்கிறார்கள். எஞ்சினைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள், நல்லது. அடித்தக்கையை, அதாவது அடியில் இருக்கும் அடைப்பானை, கழற்றிவிட வேண்டும், மழைநீர் வடிய. போட்டுக்கும் போட்டுக்கும் நடுவே ஓர் ஆள் படுக்கும் இடைவெளி வேண்டும், ஒட்டி வைத்தால் ஒன்றையொன்று தேய்த்துப் பிளக்கும். பலர் அணியத்தை, அதாவது முன்பக்கத்தை, மட்டும் கட்டிவிட்டு நடக்கிறார்கள். “அண்ணே, பின்னாலயும் ஒரு கட்டு போடுங்க. காத்து திரும்பினா போட்டு அப்படியே சுத்தும்.” ஒருவரிடம் சொன்னேன், தலையாட்டினார். போட்டாரா தெரியவில்லை. தென்னையில் கட்டாதீர்கள் என்றும் சொன்னேன். மரம் விழுந்தால் போட்டின் மேல்தான் விழும்.

நவம்பர் 14, இரவு

மாடு. இதை மறந்துவிடாமல் இருக்க எழுதுகிறேன். கொட்டகையில் கட்டிப்போடக் கூடாது. மூக்கணாங்கயிற்றோடு முளையில் கிடக்கும் மாடு தண்ணீர் வந்தாலும் கூரை விழுந்தாலும் அங்கேயே சாகும். கயிற்றை அவிழ்த்து மேட்டில் விட்டால் அது தன் பிழைப்பைப் பார்த்துக்கொள்ளும்.

நவம்பர் 15, வியாழன், காலை

பள்ளிக்கூடம் விடுமுறை. வெயில்கூட அடிக்கிறது. “ஒண்ணும் வராது” என்ற பேச்சு மறுபடி கிளம்பிவிட்டது.

குடிநீர். இங்கே குழாயில் வருவது கொள்ளிடத் தண்ணீர். வழியெல்லாம் மோட்டார் ஓடினால்தான் அது நம் தெரு வரும். மின்சாரம் போனால் முதலில் நிற்பது விளக்கு, அடுத்தது குழாய். அண்டா, குடம், வாளி, வலை போடும் டிரம், எல்லாம் நிரப்பி மூடி வைக்கணும். ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் குடிக்கவும் சமைக்கவும், அதுவே குறைச்சல். மாடித் தொட்டியும் விளிம்புவரை. காலித் தொட்டி பறக்கும், நிரம்பியது நகராது.

2011 கடைசியில் வந்த தானே புயலுக்குப் பிறகு கடலூர்ப் பக்கம் கிராமங்கள் எத்தனை நாள் இருட்டில் கிடந்தன என்பதை நினைத்து மெழுகுவர்த்தியும் பேட்டரியும் வாங்குங்கள், ஒரு ராத்திரிக்கு என்று வாங்காதீர்கள். கையில் பணம் சில்லறையாக. ஏடிஎம் ஓடாது. ரேஷன் கார்டு, ஆதார், பட்டா, பாஸ் புத்தகம்: ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் இன்னொரு உறை, வாயை மடித்து டேப். அரிவாள், ரம்பம், கடப்பாரை வீட்டுக்குள். விடிந்ததும் கதவைத் திறக்கவே அவை வேண்டியிருக்கும்.

பேறுகால மாதத்தில் இருக்கும் பெண்களை இன்று மதியத்துக்குள் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட வேண்டும். ராத்திரி ஆம்புலன்ஸுக்குச் சாலை இருக்காது.

நவம்பர் 15, பிற்பகல் 3

துறைமுகக் கூண்டு எண்ணைப் பற்றிக் கேட்கிறார்கள். 8 என்றால் துறைமுகம் புயல் பாதைக்கு இடப்புறம். 9 என்றால் வலப்புறம். 10 என்றால் அங்கேயே, அல்லது மிக அருகில். மேற்கே நகரும் புயலுக்கு இடம் என்பது தெற்கு, வலம் என்பது வடக்கு. வலப்பக்கத்தில்தான் காற்று கடலைக் கரைக்குள் தள்ளும்.

எண் தெரியாவிட்டாலும் காற்றே சொல்லும். காற்றுக்கு முகம் காட்டி நின்றால் புயலின் நடு உங்கள் வலக்கைப் பக்கம். வாடை கொண்டலாகத் திரும்பினால், அதாவது வடக்கிலிருந்து கிழக்குக்கு, நடு உங்களுக்குத் தெற்கே போகிறது. வாடை கச்சானாக மேற்குப் பக்கம் திரும்பினால் உங்களுக்கு வடக்கே போகிறது. திசை மாறாமல் வேகம் மட்டும் ஏறினால் அது உங்களை நோக்கித்தான் வருகிறது.

மாலை 6.30

மழை தொடங்கியது. வாடை.

இரவு 9

வாடை. கூடியிருக்கிறது. மின்சாரத்தை நிறுத்திவிட்டார்கள், அதுதான் சரி. கேஸ் சிலிண்டர் ரெகுலேட்டரைக் கழற்றியாயிற்று. புஷ்பவனம், கோடியக்கரைக்காரர்களில் பலர் முகாமுக்குப் போய்விட்டார்கள் என்று செய்தி. பலர் என்றால் எல்லோரும் இல்லை.

இரவு 11

திசை மாறவே இல்லை. இன்னும் வாடைதான்.

நைலான் கயிறு நனைந்தால் நீளும். வெளியே போக முடிகிற கடைசி நேரம் இதுதான், ஒரு சுற்று இறுக்கி வந்தாயிற்று. இனி யாரும் வெளியே போகக் கூடாது. எல்லாச் சன்னலும் மூடியிருக்க வேண்டும், காற்று வராத பக்கம் உட்பட. ஒரு பக்கம் திறந்து வைத்தால் கூரை தப்பும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது, தவறு. காற்று உள்ளே புகுந்தால் கீழிருந்து தள்ளும், மேலே ஏற்கெனவே இழுத்துக்கொண்டிருக்கிறது. வடக்குக் கதவுக்குப் பின்னால் பீரோ. தெற்குக் கதவுக்கும் ஏதாவது வேண்டும். நெல் மூட்டைகள்.

டவர் போய்விட்டது. இனிமேல் காகிதத்தில்.

நவம்பர் 16, வெள்ளி, 12.50

பேச்சு கேட்கவில்லை. கூரை ஓடு உடையும் சத்தம், மரம் முறியும் சத்தம். எண்ண முடியவில்லை.

1.40

நின்றுவிட்டது.

பக்கத்து வீட்டுக் கதவு திறக்கிறது. “அண்ணே, போயிடுச்சா?” “தம்பி, உள்ள போங்க! பாதிதான் முடிஞ்சிருக்கு. புள்ளைங்கள வடக்கு அறைக்கு மாத்துங்க.” அவர் நம்பினாரோ இல்லையோ கதவு சாத்திய சத்தம் கேட்டது. கண் 20 கிலோமீட்டர் அகலம், நகர்வு மணிக்கு 20 கிலோமீட்டர் என்றால் நட்டநடுவில் இருப்பவனுக்கு ஒரு மணி நேரம் அமைதி. ஓரத்தில் இருப்பவனுக்குப் பத்து நிமிஷம். நாம் எங்கே இருக்கிறோம் என்று உள்ளேயிருந்து தெரியாது. கூரை பார்க்கப் போகிற நேரம் இல்லை இது.

2.05

சோளகம். மெல்ல ஏறவில்லை, ஒரே அடியாக வந்தது.

2.40

தெற்கு வரிசை ஷீட் நிற்கிறது. நிற்கிறது.

நவம்பர் 16, விடிந்த பிறகு

தென்னை. இப்போது எழுத முடியவில்லை.

நவம்பர் 16, மாலை

விழுந்து கிடப்பதைப் பார்த்தாலே ராத்திரி நடந்தது தெரிகிறது. அடியில் கிடப்பவை தெற்கே தலை வைத்தவை, வாடையில் விழுந்தவை. அவற்றின் மேல் வடக்கே தலை வைத்துக் கிடப்பவை சோளகத்தில் விழுந்தவை. எங்கள் பக்கம் மேலே கிடப்பவைதான் அதிகம். வாடை வேரை அசைத்துவிட்டது, சோளகம் தள்ளிவிட்டது. உயரமான கிழமரங்கள் நடுவில் முறிந்திருக்கின்றன. மா, பலா, சவுக்கு எதுவும் பாக்கியில்லை. மின்கம்பங்கள் வரிசையாக அடியில் ஒடிந்து கிடக்கின்றன.

ஒற்றைக் கட்டு போட்ட போட்டுகள் சுழன்றிருக்கின்றன.

நவம்பர் 17, சனி

அழுகிறவர்களிடம் தென்னை பற்றி என்ன சொல்வது? நாற்பது வருஷ மரம். ஆனால் கேட்கிறார்கள், சொல்லித்தான் ஆக வேண்டும். தென்னைக்கு ஒரே ஒரு குருத்து. அது முறிந்திருந்தால் தண்டு நேராக நின்றாலும் மரம் போனதுதான். குருத்தைப் பிடித்து மெல்ல இழுத்தால் அசையாமல் இருக்க வேண்டும், அது பிழைக்கும். அழுகல் பிடிக்காமல் காப்பர் ஆக்சிகுளோரைடு லிட்டருக்கு 3 கிராம் கலந்து குருத்தில் ஊற்ற வேண்டும். சாய்ந்து கிடக்கும் இளங்கன்றை இந்த வாரத்துக்குள் நிமிர்த்தி, மண் அணைத்து, மூன்று பக்கம் முட்டுக்கொடுக்கலாம், தெற்குப் பக்கமும் சேர்த்து. விழுந்த தண்டை அப்படியே விட்டால் மட்கி, காண்டாமிருக வண்டு முட்டையிட்டு, மிஞ்சி நிற்கும் மரத்தையும் தின்னும்.

சாலையில் கிடக்கும் மரத்தை வெட்டுகிறவர்கள் கவனிக்க: இரண்டு முனையும் தாங்கி நடு தொங்கினால் முதலில் மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு, பிறகு கீழிருந்து. மாற்றி வெட்டினால் ரம்பத்தைக் கவ்வும், முறியும்போது காலில் அடிக்கும். கம்பி சிக்கியிருந்தால் மரத்தைத் தொடவே கூடாது. உடைந்த ஷீட்டைத் தண்ணீர் தெளித்து அடுக்க வேண்டும். அறுத்தால் அந்தத் தூள் நுரையீரலுக்குள் போகும்.

நவம்பர் 17, இரவு

தண்ணீர் தீர்ந்துவிட்டது. கடல் ஏறிய பக்கத்துக் கிணறுகள் உப்பாகிவிட்டன. மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்ற ஜெனரேட்டர் ஒன்று நாளை வரும் என்கிறார்கள். மோட்டார் 7.5 எச்.பி., ஆகவே 15 கே.வி.ஏ.வுக்குக் குறைந்தது வந்தால் ஸ்டார்ட் ஆகும்போதே திணறும். மூன்று பேஸும் இருக்கிறதா என்று ஏற்றும்போதே கேட்க வேண்டும். இணைக்கும் முன் மெயின் பியூஸ் மூன்றையும் பிடுங்கி ஒருவர் கையில் வைத்துக்கொள்ளணும். இல்லாவிட்டால் நம் மின்சாரம் லைனில் ஏறி, கம்பத்தில் வேலை செய்கிறவரைக் கொன்றுவிடும். தெரு ஒன்றுக்கு எத்தனை குடம் என்று இப்போதே முடிவு செய்ய வேண்டும். வரிசையை முகாமிலிருந்து தொடங்கலாம், அங்கேதான் கைக்குழந்தைகள். டீசல் யார் தருவது?