87 வயதில் வந்த சான்றிதழ்

அமெரிக்கக் கறுப்பினப் படைவீரர் டார்ஸி வில்லிஸைப் பற்றிப் படித்ததிலிருந்து மனம் கொதிக்கிறது.

1906 ஆகஸ்டில் டெக்சஸின் பிரவுன்ஸ்வில் நகரில் நள்ளிரவுத் துப்பாக்கிச்சூடு, ஒருவர் இறந்தார். பழி அங்கிருந்த கறுப்பினப் படைப்பிரிவின் மீது விழுந்தது. எந்த நீதிமன்றமும் விசாரிக்காமலே 167 வீரர்களை மதிப்பிழக்கச் செய்து படையிலிருந்து வெளியேற்றினார் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட். ஓய்வூதியமும் போயிற்று. அவர்களில் ஒருவரான வில்லிஸுக்கு அப்போது இருபது வயது. பிறகு மினியாபொலிஸில் ஒரு முடிதிருத்தகத்தில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் பிறர் காலணிகளுக்குப் பாலிஷ் போட்டார்!

1972இல்தான் ராணுவம் அந்த 167 பேரின் பதிவையும் ‘கௌரவமான விடுவிப்பு’ என்று திருத்தியது. அதற்குள் அவர்களில் ஏறக்குறைய எல்லோரும் மண்ணுக்குள் போய்விட்டார்கள். சான்றிதழ் கைக்கு வந்தபோது வில்லிஸுக்கு வயது 87. பின்னர் கிடைத்த இழப்பீடு 25,000 டாலர். கணக்குப் போட்டுப் பார்த்தேன்: ஆண்டுக்கு நானூறு டாலர்கூட வரவில்லை.