போர்டு பழுது என்றார்கள், பழுது ஓர் எண்ணில் இருந்தது

நேற்று வரை ஒழுங்காக அச்சிட்ட பிரிண்டர் இன்று கணினியில் "ஆஃப்லைன்" என்று காட்டினால், அதைத் தூக்கிக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போகாதீர்கள். முதலில் பிரிண்டரிலிருந்தே ஒரு தாளை அச்சிட்டு எடுங்கள். நெட்வொர்க் நிலை அறிக்கை என்று அதற்குப் பெயர். கணினியே தேவையில்லை, பிரிண்டரில் உள்ள பொத்தானை அழுத்தினால் வந்துவிடும். அந்தத் தாளை யாராவது முதல் நாளே என்னிடம் கேட்டிருந்தால், கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு பிரிண்டரை மடியில் வைத்துக்கொண்டு நான் பஸ் ஏறியிருக்க வேண்டியதில்லை. கோபம் இன்னும் ஆறவில்லை. இதே நிலையில் இருக்கும் யாருக்காவது பயன்படட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

திருப்பாதிரிப்புலியூரில் வீட்டிலேயே பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். பொதுத்தேர்வு நெருங்க நெருங்க மாதிரி வினாத்தாள் இல்லாமல் ஒரு மாலை வகுப்பும் ஓடாது. ஜெராக்ஸ் கடையில் அந்த நேரத்தில் விண்ணப்பம், சான்றிதழ் என்று கூட்டம் நெரியும். பென் டிரைவைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தால் பாதி மாலை போய்விடும். அதனால்தான் இங்க் டேங்க் உள்ள, ஸ்கேன், ஜெராக்ஸ், வைஃபை மூன்றும் சேர்ந்த பிரிண்டர் ஒன்றை வாங்கினேன். கடலூரில் நான் கேட்ட மாடல் அப்போது இருப்பில் இல்லை. புதுச்சேரியில் ஒரு கடையில் கிடைத்தது.

இங்க் நிரப்பியது, சோதனைத் தாள் எடுத்தது, யு.எஸ்.பி. கேபிளில் மேசைக் கணினியோடு இணைத்தது எல்லாம் ஒரே மாலையில் முடிந்தன. ஒன்று மட்டும் கவனியுங்கள்: டிரைவரை (கணினி பிரிண்டரோடு பேச உதவும் நிரல்) நிறுவும் மென்பொருள் "இப்போது கேபிளைச் செருகுங்கள்" என்று கேட்கும்வரை கேபிளைச் செருக வேண்டாம். முந்திச் செருகினால் கணினி தானாகவே ஏதோ ஒரு பொது டிரைவரைப் போட்டுக்கொள்ளும். அச்சு வரும், ஆனால் ஸ்கேனர் வராது. பெட்டியோடு வரும் சி.டி.யும் இந்தக் காலத்துக் கணினிகளுக்கு உதவாது, செருக இடமே கிடையாது. தயாரித்த நிறுவனத்தின் இணையதள முகவரி கையேட்டிலேயே அச்சாகியிருக்கும். அதை எழுத்துக்கு எழுத்து தட்டச்சு செய்துதான் டிரைவரை இறக்க வேண்டும். ஏன் இதை வற்புறுத்துகிறேன் என்று பின்னால் சொல்கிறேன்.

வைஃபையில் இணைக்கும்போதுதான் இடறல் தொடங்கியது. எங்கள் ரவுட்டர் இரண்டு பெயர்களில் வைஃபை தருகிறது. ஒன்று சாதாரணப் பெயர், மற்றது அதே பெயரின் கடைசியில் 5ஜி என்று சேர்ந்தது. இந்த 5ஜிக்கும் செல்போன் 5ஜிக்கும் சம்பந்தமில்லை. அது 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை, மற்றது 2.4 கிகாஹெர்ட்ஸ். வீட்டுக்கு வாங்கும் பிரிண்டர்களில் பெரும்பாலானவை 2.4 மட்டுமே பிடிக்கும். திரை இல்லாத பிரிண்டரை இணைக்கும்போது, லேப்டாப் எந்த வைஃபையில் இருக்கிறதோ அதன் பெயரையும் கடவுச்சொல்லையும்தான் மென்பொருள் பிரிண்டருக்குக் கொடுக்கிறது. என் லேப்டாப் 5 கிகாஹெர்ட்ஸில் இருந்தது. பிரிண்டரின் ஆரஞ்சு விளக்கு மின்னிக்கொண்டே இருந்ததே தவிர நிலைக்கவில்லை. கடைக்குப் போன் செய்தால், "ரவுட்டரைக் கொஞ்சம் பக்கத்தில் வையுங்கள் மேடம்" என்றார்கள். பிரிண்டர் ரவுட்டருக்கு அடுத்த மேசையில்தான் இருந்தது! "2.4 மட்டும்" என்ற செய்தி பெட்டியின் அடிப்பக்கத்தில், பூதக்கண்ணாடி கேட்கும் எழுத்தில் இருக்கிறது. விற்கும்போதே வாயைத் திறந்து சொல்ல வேண்டிய விஷயம் அது. லேப்டாப்பை 2.4 பெயருக்கு மாற்றியதும் சில நிமிடங்களில் இணைந்துவிட்டது. அதன் பிறகு லேப்டாப்பை மறுபடி 5 கிகாஹெர்ட்ஸுக்குக் கொண்டுபோனாலும் பரவாயில்லை. ரவுட்டர் ஒன்றுதான் என்பதால் இரண்டும் பேசிக்கொள்ளும். விருந்தினருக்கென்று தனியாக வைத்திருக்கும் கெஸ்ட் வைஃபையில் மட்டும் பிரிண்டரைச் சேர்க்காதீர்கள். அதில் சேரும் கருவிகள் வீட்டிலுள்ள மற்ற கருவிகளைப் பார்க்க முடியாதபடி ரவுட்டரே தடுத்துவிடும்.

கொஞ்ச காலம் நிம்மதியாக ஓடியது. ஒருநாள் மதியம் நீண்ட மின்வெட்டு. கரன்ட் வந்ததும் லேப்டாப்பிலிருந்து வினாத்தாளை அனுப்பினால் ஆஃப்லைன். பிரிண்டரில் வைஃபை விளக்கு நிலையாக எரிகிறது, இணையம் வேலை செய்கிறது, மேசைக் கணினியில் கேபிள் வழியாக அச்சும் வருகிறது. லேப்டாப் மட்டும் ஆஃப்லைன் என்றே சாதித்தது.

உதவிக்கு எண் தேடினேன். பிரிண்டரின் பெயரையும் "உதவி எண்" என்பதையும் சேர்த்துத் தேடினால், மேலே முதலில் வருவது நிறுவனத்தின் பக்கமாகத்தான் இருக்கும் என்று நம்பாதீர்கள். எனக்கு வந்தது ஏதோ ஒரு விளம்பரம். அதில் இருந்த எண்ணில் பேசியவர் மாடல் பெயரைக்கூடக் கேட்கவில்லை. லேப்டாப்பைத் தொலைவிலிருந்து இயக்கும் செயலி ஒன்றை நிறுவச் சொன்னார். "உங்கள் நெட்வொர்க்கில் வைரஸ் இருக்கிறது, பணம் கட்டினால் எடுத்துவிடுவோம்" என்றார். பிரிண்டர் நிறுவனத்துக்கு என் வங்கிக் கணக்கு இருக்கும் லேப்டாப்புக்குள் என்ன வேலை? செயலியை நிறுவாமல் அழைப்பைத் துண்டித்தேன். இப்படி ஏமாந்து பணம் போனவர்கள் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குச் சொல்ல வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை முடக்கி மீட்க வாய்ப்பு உண்டு. இணையதள முகவரியைக் கையேட்டைப் பார்த்துத் தட்டச்சு செய்யுங்கள் என்று மேலே சொன்னதற்குக் காரணம் இதுதான். உதவி எண்ணுக்கும் அதே விதி.

கையேட்டில் இருந்த எண்ணில் பேசியபோது, வீட்டுக்கு ஆள் வருவது புதுச்சேரி நகர எல்லைக்குள் மட்டும்தான் என்றார்கள். கடலூர் என்றதும், "நீங்கள் நேரில் கொண்டுவந்துவிடுங்கள்" என்றார்கள்.

இங்க் நிரப்பிய டேங்க் பிரிண்டரைப் பஸ்ஸில் கொண்டுபோவது எளிதல்ல. சாய்ந்தால் இங்க் ஒழுகும். சில மாடல்களில் பயணத்துக்கென்று பூட்டும் திருகு இருக்கும், என்னுடையதில் இல்லை. டேங்க் மூடிகளை அழுத்தி மூடி, பாலித்தீன் பையில் கட்டி, பெட்டிக்குள் வைத்து, பெண்ணையாற்றுப் பாலம் தாண்டி, முள்ளோடை தாண்டி, கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று ஒவ்வொரு வேகத்தடையிலும் பெட்டியை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு போனேன். புதுச்சேரி பஸ் நிலையத்தில் இறங்கியபோது தோள் இரண்டும் விண்ணென்று வலித்தன.

சர்வீஸ் சென்டர் கவுன்டரில் இருந்தவர் பெட்டியைத் திறக்கவே இல்லை. "என்ன கம்ப்ளைன்ட்?" என்றார். கேபிளில் வருகிறது, வைஃபையில் ஆஃப்லைன் என்றேன். "கேபிளில் வருகிறது என்றால் வைஃபை பகுதி போயிருக்கும் மேடம். போர்டு, அதாவது உள்ளே இருக்கும் சர்க்யூட் பலகை, மாற்ற வேண்டும்" என்று சொல்லிக்கொண்டே படிவத்தில் எழுதிவிட்டார். வாரன்டி இருக்கிறதே என்று பில்லை நீட்டினேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதில் சீரியல் நம்பர் இல்லையே. எந்த பிரிண்டருக்கு இந்த பில் என்று நாங்கள் எப்படி நம்புவது?" என்றார். கடைக்காரர் மாடல் பெயரை மட்டும் போட்டு, சீரியல் எண்ணுக்கான இடத்தைக் காலியாக விட்டிருந்தார். ஆகவே வாரன்டி கிடையாது. போர்டுக்கு அவர் சொன்ன தொகை பிரிண்டர் விலையில் பாதிக்கு மேல். பரிசோதனைக் கட்டணம் தனி. பெட்டியைத் திறக்காமலே பரிசோதனைக்கு ரசீது போட்டார்கள். பிள்ளைகளுக்குத் தேர்வு நெருங்குகிறதே என்ற அவசரத்தில் கட்டணத்தைக் கட்டினேன். போர்டு மாற்றச் சம்மதிக்காமல் பிரிண்டரைத் திருப்பித் தூக்கிக்கொண்டு கடலூர் பஸ் ஏறினேன்.

பிரிண்டர் வாங்கும்போது கடை வாசலைத் தாண்டுமுன் பில்லில் சீரியல் எண்ணை எழுதச் சொல்லுங்கள். பெட்டியின் பக்கவாட்டிலும் பிரிண்டரின் பின்புறமும் ஒட்டியிருக்கும் எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அரை நிமிட வேலை.

வழி பிறந்தது வேறொருவரால். இணைய இணைப்பு கொடுத்திருக்கும் கேபிள்காரரிடம் வேலை செய்யும் இளைஞர், வேறு வேலையாக வீட்டுக்கு வந்தார். பிரிண்டர் பெட்டியைப் பார்த்து விசாரித்தவர் கேட்ட முதல் கேள்வி: "அக்கா, பிரிண்டருக்கு என்ன ஐ.பி. வந்திருக்கிறது?" ஐ.பி. என்பது வீட்டு நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவிக்கும் ரவுட்டர் கொடுக்கும் முகவரி எண். இத்தனை பேரில் ஒருவர்கூட அதைக் கேட்கவில்லை. கையேட்டைப் புரட்டி, வைஃபை பொத்தானை அழுத்திப் பிடித்து, முதலில் சொன்ன நெட்வொர்க் நிலை அறிக்கைத் தாளை எடுத்தேன் (எந்தப் பொத்தான் என்பது மாடலுக்கு மாடல் மாறும்). தாளின் நடுவில் ஐ.பி. முகவரி 192.168.1.7 என்று இருந்தது. லேப்டாப்பில் பிரிண்டர் ப்ராப்பர்ட்டீஸ் திறந்து, போர்ட்ஸ் என்ற பகுதியில் (லேப்டாப் பிரிண்டரை எந்த வழியில் தேடுகிறது என்பது அங்கே இருக்கும்) டிக் போட்டிருந்த வரியைப் பார்த்தேன். அங்கே 192.168.1.4.

அவ்வளவுதான். மின்வெட்டுக்குப் பிறகு ரவுட்டர் புதிதாக முகவரிகளைப் பங்கிட்டபோது பிரிண்டருக்கு 7 கிடைத்திருக்கிறது. லேப்டாப் பழைய 4-ஆம் முகவரியிலேயே தேடிக்கொண்டிருந்தது. குடிமாறிப் போனவரின் பழைய வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருப்பது போலத்தான். இதற்குத்தான் போர்டு மாற்றச் சொன்னார்கள்.

சரிசெய்தது இப்படி. அதே தாளில் பிரிண்டரின் மேக் முகவரி, அதாவது அந்தக் கருவிக்கே உரிய அடையாள எண் இருக்கும், இரண்டிரண்டாகப் பிரித்த ஆறு ஜோடி எழுத்தும் எண்ணும். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் டி.எச்.சி.பி. ரிசர்வேஷன் என்ற இடத்தில் அந்த மேக் முகவரிக்கு ஒரு ஐ.பி.யை நிரந்தரமாக ஒதுக்கினோம். அந்த இளைஞர் திறந்து காட்டினார், எண்களை நான் அடித்தேன். பிறகு லேப்டாப்பில் அந்த ஐ.பி.யைக் கொண்டு ஸ்டாண்டர்டு டி.சி.பி./ஐ.பி. போர்ட் ஒன்றைச் சேர்த்து, டிக்கை அதற்கு மாற்றினேன். சிலருக்கு போர்ட்ஸ் பகுதியில் எண் இல்லாமல் டபிள்யூ.எஸ்.டி. என்று தொடங்கும் பெயர் இருக்கும். அவர்களும் இப்படியே மாற்றிக்கொள்ளலாம். முகவரி பொருந்திய பிறகும் ஆஃப்லைன் என்று காட்டினால், கான்ஃபிகர் போர்ட்டில் எஸ்.என்.எம்.பி. ஸ்டேட்டஸ் எனேபிள்டு (பிரிண்டரின் நிலையை லேப்டாப் கேட்டறியும் வசதி) என்பதில் உள்ள டிக்கை எடுத்துப் பாருங்கள். தாளில் ஐ.பி. 169.254 என்று தொடங்கினால் கதை வேறு: பிரிண்டருக்கு ரவுட்டர் முகவரியே கொடுக்கவில்லை என்று பொருள். அப்போது ரவுட்டர் முழுவதுமாக எழுந்த பிறகு பிரிண்டரை அணைத்துப் போட வேண்டும். அன்று மாலை வினாத்தாள் வெளியே வந்தபோது பிள்ளைகள் கைதட்டினார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆஃப்லைனில் இருக்கும்போது திரும்பத் திரும்ப பிரிண்ட் கொடுக்க வேண்டாம். எல்லாம் வரிசையில் காத்திருந்து, சரியானதும் மொத்தமாக வந்து தாளைத் தின்றுவிடும். வரிசை சிக்கி, நீக்கினாலும் போகாவிட்டால், சர்வீசஸ் பட்டியலில் பிரிண்ட் ஸ்பூலரை (அச்சு வரிசையைக் கவனிக்கும் சேவை) நிறுத்தி, விண்டோஸ், சிஸ்டம்32, ஸ்பூல் என்று போய் பிரிண்டர்ஸ் என்ற கோப்புறையில் இருப்பதை அழித்துவிட்டு, ஸ்பூலரை மறுபடி தொடங்குங்கள். பி.டி.எஃப். வினாத்தாளில் தமிழ் எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாக வந்தால் பிரிண்டரைக் குறை சொல்ல வேண்டாம். அக்ரோபேட் ரீடரில் அச்சிடும்போது அட்வான்ஸ்டு என்பதற்குள் பிரிண்ட் ஆஸ் இமேஜ் தேர்ந்தெடுத்தால் திரையில் இருப்பது அப்படியே வரும். பிரிண்டரை எப்போதும் அதன் பொத்தானில் அணைத்துவிட்டுத்தான் சுவர் சுவிட்சை அணைக்க வேண்டும். இல்லையென்றால் இங்க் தெளிக்கும் ஹெட் மூடப்படாமல் நின்று காய்ந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் கடலோர ஊர்களில் தாள் ஈரம் இழுத்துச் சுருண்டு சிக்கும். தேவையான அளவு மட்டும் தட்டில் வைத்து, மீதியைப் பாலித்தீன் உறையில் கட்டி வையுங்கள்.

கடைக்காரரிடம் இதற்காகவே போய், பில்லில் சீரியல் எண்ணை எழுதி முத்திரை போட்டு வாங்கிவிட்டேன். முதலில் "அதெல்லாம் இப்போது முடியாது" என்றார். பில் எண்ணையும் தேதியையும் காட்டி, அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்ததும் எழுதிக்கொடுத்தார். பரிசோதனைக் கட்டணத்தைத் திருப்பிக் கேட்டு நிறுவனத்துக்குக் கடிதம் அனுப்பியிருக்கிறேன். பெட்டியைத் திறக்காமல் போட்ட ரசீது, 192.168.1.7 என்று அச்சான தாள், 192.168.1.4 தெரியும் திரையின் படம் மூன்றையும் இணைத்திருக்கிறேன். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிவு செய்வேன்.