ஆறுதலாக ஏறுங்கள்

"மல்லி! மல்லி!" என்று யாரோ கத்தினார்கள். கொழும்பு வெள்ளவத்தை, காலி வீதி, காலை எட்டு மணி. இப்படி ஒரு குரல் கேட்டால் மதுரைக்காரனுக்குத் தலை தானாகத் திரும்பும். திரும்பினேன். பூக்கூடையைக் காணோம். பஸ் வாசலில் தொங்கிக்கொண்டிருந்த நடத்துநர் என்னைப் பார்த்துத்தான் கத்திக்கொண்டிருந்தார். நான் பூவைத் தேடி முடிப்பதற்குள் பஸ் போய்விட்டது.

சிங்களத்தில் மல்லி என்றால் தம்பி என்று அலுவலகத்தில் சொல்லிச் சிரித்தார்கள். நாற்பது வயதில், முன்வழுக்கையோடு, முன்பின் தெரியாத ஒருவருக்குத் தம்பியாவது சந்தோஷம்தான். 2013இல் புவிசார் குறியீடு வாங்கிய மதுரை மல்லி கடல் தாண்டியதும் தம்பியாகிவிட்டது என்று அக்காவிடம் தொலைபேசியில் சொன்னேன். அவளும் சிரித்தாள். பஸ் போய்விட்டதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

பூவைத் தேடாமல் இருந்திருந்தாலும் அந்தப் பஸ்ஸைப் பிடித்திருக்க மாட்டேன். இரண்டு வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இடது கால் சூம்பிப்போனது. தொடையிலிருந்து பாதம் வரை காலிப்பர். இரு பக்கமும் எஃகுப் பட்டை, குறுக்கே தோல் வார்கள், முட்டியில் பூட்டு. எழுந்து காலை நீட்டினால் இரண்டு வளையங்கள் 'டக்' என்று இறங்கி மூட்டைப் பூட்டிவிடும். உட்கார வேண்டுமென்றால் கால்சட்டைக்கு மேலாகவே விரலால் துழாவி அவற்றைத் தூக்கிவிட வேண்டும். பூட்டிய கால் மடங்காது. ஆகவே பஸ்ஸில் ஏற, முதலில் கம்பியைப் பிடித்து, நல்ல காலை மேலே வைத்து, உடம்பைத் தூக்கி, பூட்டிய காலைப் பக்கவாட்டில் வீசி உள்ளே இழுக்க வேண்டும். ஏழெட்டு வினாடி ஆகும்.

கொழும்பில் எல்லாம் கிடைக்கிறது. நல்லெண்ணெய் கிடைக்கிறது, முருங்கைக்காய் கிடைக்கிறது, வாழையிலை கூடக் கிடைக்கிறது. அந்த ஏழெட்டு வினாடிதான் கிடைப்பதில்லை. பாணந்துறையிலிருந்து வரும் நூறாம் நம்பர் பஸ்ஸும் மொரட்டுவையிலிருந்து வரும் நூற்றொன்றும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு புறக்கோட்டைக்குப் பறக்கின்றன. தரிப்பிடத்தில் நிற்பதுபோல ஒரு பாவனை காட்டுகின்றன, அவ்வளவுதான். ஆண்கள் ஓடி ஏறிக்கொள்ள வேண்டும் என்பது எழுதப்படாத விதி. புடவைக்கும் கைக்குழந்தைக்கும் பஸ் முழுதாக நிற்கிறது. என் கால்சட்டைக்குள் இருப்பது ஓட்டுநருக்கு எப்படித் தெரியும்? ரயிலில் போகலாமே என்பார்கள். மேடைக்கும் பெட்டிக்கும் நடுவே உள்ள இடைவெளியை ஒருநாள் எட்டிப் பார்த்தேன். கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.

கடைசியில் ஒரு கைத்தடி வாங்கினேன். எனக்கு அது தேவையே இல்லை, பஸ்ஸுக்குத்தான் தேவை. தூரத்தில் பஸ் தெரிந்ததும் தடியை நன்றாகத் தெரியும்படி முன்னால் ஊன்றி நிற்பேன். ஊன்றினால் பத்துக்கு ஆறு பஸ் நிற்கிறது. இருபது வருடம் தடி பிடிக்க மாட்டேன் என்று வீராப்புப் பேசியவன், இப்போது அதைக் கொடி மாதிரி காட்டிக்கொண்டு நிற்கிறேன். அம்மா பார்த்தால் அழுவாள், அக்கா சிரிப்பாள்.

தடி வந்ததும் கூடவே ஒரு கேள்வியும் வந்தது. "யுத்தத்திலா?" தமிழர்கள் குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். சிங்களவர்கள் கேட்காமலே தெரிந்துகொண்டதுபோல் பார்வையை விலக்கிக்கொள்வார்கள். மதுரையில் என் நடையைப் பார்த்த பெட்டிக்கடைக்காரர்கூட "போலியோவா தம்பி?" என்பார். இந்தியாவில் கடைசி போலியோ நோயாளி 2011 ஜனவரியில்தான் கண்டறியப்பட்டார். இலங்கையில் அது 1993இலேயே முடிந்துபோன கதை. இங்கே இளைஞர்களுக்கு அது தாத்தா காலத்து நோய். தமிழ் பேசுகிற ஒருவன் காலை இழுத்து நடந்தால் அவர்களுக்கு வேறொன்றுதான் நினைவுக்கு வருகிறது. போலியோ என்றதும் கேட்டவரின் தோள் தளரும். யார் மீதும் பழி இல்லாத ஊனம் அல்லவா! அந்த நிம்மதியைப் பார்க்கும்போது எனக்கு ஏனோ கொஞ்சம் கூச்சமாக இருக்கும்.

ஒருநாள் மருந்துக்கடை வாசலில் ஒருவர் என் காலிப்பர் சத்தத்தைக் கேட்டுத் திரும்பினார். தன் வலது முழங்காலுக்குக் கீழே விரலால் தட்டிக் காட்டினார். பிளாஸ்டிக் சத்தம். "2009" என்றார். ஆண்டை மட்டும்தான் சொன்னார். நான் "1986" என்றேன். அதற்கு மேல் கேட்க இருவருக்கும் எதுவும் இல்லை. பிறகு தோல் வார் அறுந்தால் எங்கே நன்றாகத் தைப்பார்கள் என்று அரை மணி நேரம் பேசினோம். இந்த ஊரில் எனக்குக் கிடைத்த ஆக உருப்படியான தகவல் அது.

சட்டம் இல்லாமல் இல்லை. பொதுக் கட்டடங்களில் மாற்றுத்திறனாளிகள் போய்வர வசதி இருக்க வேண்டும் என்று 2006இலேயே விதிகள் வந்துவிட்டன. சக்கர நாற்காலியில் இருந்தபடியே உச்ச நீதிமன்றம் வரை போய், 2011இல் அதற்காக உத்தரவு வாங்கியவர் அஜித் பெரேரா. என் சம்பளம் வரும் வங்கியிலும் சாய்தளம் இருக்கிறது. அதன் மேல் எப்போதும் ஒரு மோட்டார் சைக்கிள் இளைப்பாறிக்கொண்டிருக்கிறது.

பஸ் கிடைக்காத நாளில் ஓட்டோ. ஒரு சிங்கள ஓட்டுநர் தடியைப் பார்த்துவிட்டு, தெரிந்த தமிழில் தினேஷ் பிரியந்தவின் பெருமையைப் பேச ஆரம்பித்தார். போரில் கையில் காயப்பட்ட இராணுவ வீரர், 2021இல் டோக்கியோ பாராலிம்பிக்கில் 67.79 மீட்டருக்கு ஈட்டி எறிந்து தங்கம் வாங்கியவர். நான் விடுவேனா? எங்கள் சேலத்து மாரியப்பனை இறக்கினேன். ஐந்து வயதில் பள்ளிக்குப் போகும் வழியில் வலது கால் மேல் பஸ் ஏறியது, 2016 ரியோவில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம். "பஸ்ஸா?" என்று கேட்டு அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். அதன் பிறகு ஒவ்வொரு திருப்பத்திலும் தேவைக்கு அதிகமாகவே நிதானமாக ஓட்டினார். இருவரும் பதக்கக் கணக்கில் சமாதானமாகி இறங்கினோம்.

ஆனால் இதையெல்லாம் விட என்னை அதிகம் வதைத்தது வீட்டுக்கார அம்மா. யாழ்ப்பாணத்துக்காரர். என் அறை இரண்டாவது மாடியில், லிப்ட் கிடையாது. நான் படியில் கால் வைத்ததும் மேலிருந்து குரல் வரும்: "ஆறுதலாக வாருங்கள் தம்பி." சுருக்கென்று இருக்கும். பிறந்ததிலிருந்து ஊரே எனக்கு ஆறுதல் சொல்லிச் சலித்துவிட்டது. மனம் தளராதே, கடவுள் ஒரு கதவைச் சாத்தினால் இன்னொன்றைத் திறப்பார், உன்னை விடக் கஷ்டப்படுகிறவர்கள் எத்தனை பேர். கடல் தாண்டி வந்தும் தப்பவில்லையே என்று பல்லைக் கடித்துக்கொண்டு, வேண்டுமென்றே வேகமாக ஏறுவேன். மூன்று வாரம் இப்படியே போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் புட்டும் சொதியும் கொண்டுவந்து வைத்துவிட்டு, "ஆறுதலாகச் சாப்பிடுங்கள், பாத்திரத்துக்கு அவசரமில்லை" என்றார். புட்டுக்கு எதற்கு ஆறுதல் என்று விழித்தேன். அப்புறம்தான் புரிந்தது. இவர்கள் தமிழில் ஆறுதலாக என்றால் மெதுவாக, அவசரப்படாமல் என்று பொருளாம். மூன்று வாரமாக அந்த அம்மா கொடுத்துக்கொண்டிருந்தது அதே ஏழெட்டு வினாடியைத்தான். நான் அதைத் தட்டிவிட்டு ஓடியிருக்கிறேன். அன்று புட்டை ஒரு மணி நேரம் சாப்பிட்டேன்.

இப்போது பழகிவிட்டது. மாலையில் ரயில் பாதையைத் தாண்டித் தெரியும் கடலைப் பார்த்து நிற்கிறேன். பம்பலப்பிட்டிக் கதிரேசன் கோயில் மணியைக் கேட்டால் வீட்டு நினைப்புக் கூட வருவதில்லை என்று எழுதத்தான் ஆசை. ஆனால் கடல் காற்று காலிப்பரை விடுவதில்லை. மூட்டில் துரு ஏறி, நடந்தால் கிணற்றுக் கப்பி மாதிரி சத்தம். இரவில் கழற்றி வைத்து, வளையங்களில் எண்ணெய் விட்டுத் துணியால் துடைக்கும்போது என் ஸ்கூட்டர் ஞாபகம் வந்துவிடும். பின்னால் இரு பக்கமும் சக்கரம் பொருத்திய வண்டி, தவணையில் வாங்கியது. அதன் மேல் உட்கார்ந்தால் நான் நொண்டி இல்லை, வண்டிக்காரன். சிம்மக்கல் சந்தில் என்னை முந்தியவர்கள் குறைவு. விடியற்காலையில் மாட்டுத்தாவணிப் பூச்சந்தையைக் கடக்கும்போது தலைக்கவசத்துக்குள்ளேயே மல்லி வாசம் புகுந்துவிடும்.

அது இப்போது அக்கா வீட்டு முற்றத்தில் தார்ப்பாய்க்கு அடியில் நிற்கிறது. வாரம் ஒருமுறை மருமகன் கிளப்பி வைக்கிறான். போன வாரம் அந்தச் சத்தத்தைத் தொலைபேசியில் கேட்கவைத்துவிட்டு, "மாமா, ஒருத்தர் விலைக்குக் கேட்கிறார். கொடுத்துவிடலாமா?" என்றான்.

"இப்போது என்ன அவசரம்? ஆறுதலாகப் பார்ப்போம்" என்றேன்.

மறுமுனையில் கொஞ்ச நேரம் பேச்சில்லை. எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"ஆறுதல் யாருக்கு மாமா, வண்டிக்கா?" என்றான்.