சூசை என்னும் பெயர்

இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் ஜோசப், யோசேப்பு, சூசை என வழங்குவது ஒரே ஆண்பெயர்தான். பிள்ளையின்றி நெடுங்காலம் ஏங்கிய யாக்கோபின் மனைவி ராகேல், முதல் மகனைப் பெற்றபோது, ஆண்டவர் இன்னும் ஒரு மகனைத் தர வேண்டுமென விரும்பி இப்பெயரை இட்டதாக விவிலியத்தின் ஆதியாகமம் 30ஆம் அதிகாரம் கூறுகிறது. ‘அவர் கூட்டித் தருவார்’ என்பதே இந்த எபிரேயப் பெயரின் பொருள். போர்த்துக்கேய வடிவம் தமிழ்க் கத்தோலிக்கரிடம் சூசையாயிற்று. மரியாளின் கணவர் சூசையப்பரானார்.

1955இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ், மே 1ஐத் தொழிலாளரான புனித சூசையப்பரின் திருநாளாக ஏற்படுத்தினார். கொழுந்து பறித்தும் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டியும் வாழும் எம்மவரின் பிள்ளைகளுக்கு, தச்சரான அவருடைய பெயரை விடப் பொருத்தமான பெயர் வேறில்லை என்றே கருதுகிறேன். பாடசாலைப் பதிவேட்டில் ஜோசப் என்று இருந்தாலும், லயத்துப் (தோட்டத் தொடர்குடியிருப்புப்) பெரியவர்கள் சூசை என்றே அழைக்கட்டும்.