நாடகத்தில் வருகிற நல்ல உத்தியோகத்தர்

வடக்கில் விழிப்புணர்வு நாடகம் என்றால் கதை எல்லாருக்கும் மனப்பாடம். குடிகார அப்பா, அழுகிற அம்மா, பள்ளிக்கூடம் போகாத பிள்ளை. கடைசிக் காட்சியில் ஒரு உத்தியோகத்தர் கோப்போடு வந்து புத்தி சொல்லுவார், எல்லாரும் திருந்திவிடுவார்கள். யாழ்ப்பாணத்தில் சமூகப்பணி படிப்பிக்கிற எனக்கு அந்த உத்தியோகத்தரால்தான் தலையிடி. என்னுடைய மாணவர்கள் நாளைக்கு உட்காரப்போவது அவருடைய கதிரையில்.

வலிகாமத்தில் களப்பயிற்சிக்குப் போன அணி ஒன்று நுண்நிதிக் கடனைத் தலைப்பாக எடுத்துக்கொண்டது. பெண்கள் குழுவாகச் சேர்ந்து எடுக்கிற கடன். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்டவேண்டும், அதுவரை லோன்காரர் வாசலைவிட்டு அசையமாட்டார். வறட்சி பாதித்த மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட பெண்களின் கடன்களைத் தள்ளுபடி செய்வதாக 2018இல் அரசாங்கம் அறிவித்தது. அதற்கு வெளியே நின்றவர்கள் பலர். மாணவர்களின் தனியாள் அறிக்கைகளிலோ “சேமிப்புப் பழக்கம் இல்லை”, “நிதி முகாமைத்துவ அறிவு குறைவு” என்றுதான் இருந்தது. சமூகநீதியைத் தொழிலின் மையத்தில் வைக்கிற 2014ஆம் ஆண்டின் உலகளாவிய சமூகப்பணி வரைவிலக்கணத்தைப் பரீட்சையில் பிழையில்லாமல் எழுதிய அதே பிள்ளைகள்!

அதனால்தான் விவாத அரங்குக்குப் போனோம். பிரேசில்காரரான அகஸ்டோ போவால் உருவாக்கிய முறை அது. நாடகம் தீர்வு சொல்லாமல் நிற்கும். பார்ப்பவர் எழும்பி வந்து ஒரு பாத்திரத்தை எடுத்து வேறு மாதிரி நடத்திப் பார்க்கலாம். அரங்கு ஊருக்குள் இறங்குவது யாழ்ப்பாணத்துக்குப் புதிதல்ல. குழந்தை ம. சண்முகலிங்கத்தின் ‘மண் சுமந்த மேனியர்’ 1985இல் ஊரூராகப் போன நாடகம்.

எங்கே போடுவது என்பதிலேயே ஒரு பாடம் இருந்தது. கோயில் வீதிதான் வசதி என்றார்கள். “அங்க போட்டால் எங்கட பக்கத்துச் சனம் வராது, மிஸ்” என்றாள் அந்தப் பகுதி மாணவி ஒருத்தி. ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை, எல்லாருக்கும் தெரியும். முன்பள்ளி முற்றத்துக்கு மாற்றினோம்.

கடன்பட்ட பெண்ணின் இடத்துக்குத்தான் ஆட்கள் வருவார்கள் என்று மாணவர்கள் ஆயத்தமாக நின்றார்கள். வயதான ஒரு அம்மா எழும்பினார். “அந்தப் பிள்ளையை விடுங்கோ, நான் உத்தியோகத்தரா வாறன்.” கதிரையில் இருந்தார், தலை நிமிரவில்லை. “படிவம் முடிஞ்சுது. அடுத்த கிழமை வாங்கோ.” பிறகு போனை எடுத்துக் காதில் வைத்தார். “உங்கட பகுதிக்கு நான் இல்லை, மற்றவர். அவர் லீவு.” முற்றம் முழுக்கச் சிரிப்பு. கடன்காரியாக நடித்த மாணவிக்கு வாய் அடைத்துப்போனது. அப்போது பின்னுக்கிருந்து ஒரு குரல்: “அப்ப அதை எழுத்தில தாங்கோ.”

அந்த ஒரு வசனத்தைப் பிடித்துக்கொண்டுதான் மிச்சக் களப்பயிற்சி நடந்தது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி குடிமக்கள் யாரும் அரச அலுவலகத்திடம் தகவல் கேட்கலாம். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லவேண்டும். எழுத முடியாதவர் வாயால் கேட்டால் தகவல் அதிகாரியே எழுதிக்கொள்ளவேண்டும். தள்ளுபடிப் பட்டியலில் தங்கள் பெயர் ஏன் இல்லை என்று பெண்கள் கேட்டார்கள், மாணவர்கள் விண்ணப்பம் நிரப்ப உதவினார்கள்.

நாடகம் போட்டால் சனத்தின் மனப்பாரம் குறையும் என்று சொல்லிக் காசு தருகிறவர்கள் இருக்கிறார்கள். குறையட்டும், நல்லதுதான். ஆனால் போவாலே அதோடு நிற்கவில்லை. 1993இலிருந்து 1996வரை ரியோ டி ஜெனீரோ நகரசபை உறுப்பினராக இருந்தபோது, சனங்களோடு போட்ட நாடகங்களிலிருந்து 13 சட்டங்களை நிறைவேற்றுவித்தார்.

இப்போது களப்பயிற்சிப் புள்ளியில் ஒரு பங்கு, நாடகத்துக்குப் பிறகு எழுதிய கடிதங்களுக்கும் வந்த பதில்களுக்கும். நடிப்புக்குப் புள்ளி இல்லையா என்று மாணவர்கள் முணுமுணுக்கிறார்கள். படங்கள் எப்படியும் பேஸ்புக்கில் வரும்தானே என்று சொல்லிவிடுவேன்.