துண்டு ராஜாவும் நாலு புரோகிராமர்களும்

ரவுட்டர், செட்-டாப் பாக்ஸ் மாதிரி சின்னப் பெட்டிகளுக்குள் ஓடும் ஃபர்ம்வேர், அதாவது பெட்டியை இயக்கும் உள் புரோகிராம், எழுதிப் பிழைப்பவன் நான். மெமரி போதவில்லை என்று மீட்டிங்கில் புலம்புவது எங்கள் தொழிலில் அன்றாடச் சடங்கு. அப்படிப் புலம்பும்போதெல்லாம் யாராவது ஒரு சீனியர், அந்தக் காலத்து அடாரி வீடியோ கேம் பெட்டிக்கு 128 பைட் மெமரியில் கேம் எழுதினார்கள் தெரியுமா என்று வாயை அடைப்பார். மெகாபைட் இல்லை, கிலோபைட்கூட இல்லை, வெறும் 128 பைட். யூனிகோடில் தமிழ் தட்டினால் நாற்பது சொச்சம் குறிகளோடு தீர்ந்துபோகும், இந்த வாக்கியத்தைக்கூட முடிக்க முடியாது.

சரி, அது என்னதான் என்று பார்த்துவிடலாம் என்று ஒரு விடுமுறையில், பழைய பெட்டியைப் போலவே கம்ப்யூட்டரில் நடிக்கும் எமுலேட்டரை இறக்கி அந்தப் பெட்டிக்கு புரோகிராம் எழுத உட்கார்ந்தேன். படத்தைச் சேமித்து வைக்க அதில் இடமே கிடையாது. டிவி திரையில் ஒளிக்கற்றை ஒரு கோடு இழுத்து முடிப்பதற்குள் பிராசஸருக்குக் கிடைப்பது 76 சைக்கிள், அதாவது 76 துடிப்பு. ஒரு நிறத்தை எடுத்து டிவி சிப்பில் வைக்கவே 5 சைக்கிள் போய்விடும். ஆக ஒரு கோட்டுக்குப் பதினைந்து தடவை எதையாவது மாற்றலாம், அதற்குள் அடுத்த கோடு வந்து நிற்கும். கோடு கோடாக, கற்றையோடு கூடவே ஓடிக்கொண்டு படம் போட வேண்டும். யார் செத்தார், எத்தனை பாயின்ட் என்கிற கணக்கையெல்லாம் கற்றை கீழேயிருந்து மேலே திரும்பும் இடைவெளியில் முடித்துக்கொள்ள வேண்டும். நகரும் உருவங்கள் என்று பார்த்தால் ஆட்டக்காரர் இரண்டு, குண்டு இரண்டு, பந்து ஒன்று. பந்தைத் தட்டி ஆடும் பாங், டேங்க் சண்டை மாதிரி ஆட்டங்களை மனசில் வைத்துச் செய்த சிப் அது. எனக்கு ஒரு கலர் கம்பியை ஆடாமல் நிறுத்துவதற்கே தாவு தீர்ந்துவிட்டது.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. இந்த வித்தை கைவந்தவர்கள் உலகத்திலேயே விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருந்தார்கள். அவர்களை அடாரி எப்படி நடத்தியது என்பதில்தான் அந்தக் கம்பெனியின் கதை இருக்கிறது என்பது என் கட்சி.

ஆரம்பக் கதை பலருக்கும் தெரிந்ததுதான். 1972-ல் நோலன் புஷ்னெலும் டெட் டாப்னியும் ஆளுக்கு 250 டாலர் போட்டுத் தொடங்கினார்கள். புதிதாகச் சேர்ந்த ஆலன் ஆல்கார்னுக்குக் கைப்பழக்கத்துக்காகக் கொடுத்த வேலைதான் பாங். சன்னிவேலில் ஒரு மதுக்கடையில் கொண்டுபோய் வைத்தார்கள். மிஷின் ரிப்பேர் என்று கடைக்காரர் கூப்பிட, ஆல்கார்ன் போய்த் திறந்தால், உள்ளே காசு நிரம்பி வழிந்து அடைத்துக்கொண்டிருந்தது. எந்த சர்வீஸ் இன்ஜினியருக்கு இப்படி ஒரு ரிப்பேர் வாய்க்கும்? 1975-ல் சியர்ஸ் கடைகள் வழியாக பாங் வீடுகளுக்குள் நுழைந்தது. அடுத்த வருஷம் வார்னர் கம்யூனிகேஷன்ஸ் 2 கோடியே 80 லட்சம் டாலருக்குக் கம்பெனியை வாங்கியது. நான் மல்லுக்கட்டிய அந்தப் பெட்டி, பின்னால் 2600 என்று பெயர் பெற்றது, 1977-ல் 199 டாலருக்குக் கடைக்கு வந்தது.

வார்னரோடு முட்டிக்கொண்டு புஷ்னெல் வெளியேற, தலைவராக வந்தவர் ரே கஸ்ஸார். பர்லிங்டன் என்கிற பெரிய ஜவுளி நிறுவனத்திலிருந்து வந்தவர் என்பதால் புரோகிராமர்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் துண்டு ராஜா. அவரைத் திட்டித் தீர்ப்பது சுலபம். ஆனால் அவர் காலத்தில்தான் ஸ்பேஸ் இன்வேடர்ஸ் வீட்டு டிவிக்கு வந்து, அதற்காகவே ஜனங்கள் பெட்டியை வாங்கினார்கள், விற்பனை 1982-ல் 200 கோடி டாலரைத் தொட்டது. வியாபாரம் தெரிந்த மனுஷன்தான். கேம் எழுதுகிறவனும் தறியில் நிற்கிறவனும் அவர் கணக்கில் ஒன்றாக இருந்ததுதான் சிக்கல்.

எந்தக் கேம் எவ்வளவு விற்றது என்று ஒரு பட்டியலை நிர்வாகம் சுற்றுக்கு விட்டது, விற்பதைப் போல எழுதுங்கள் என்ற அர்த்தத்தில். டேவிட் கிரேன், லாரி கேப்லன், ஆலன் மில்லர், பாப் வைட்ஹெட் என்ற புரோகிராமர்கள் நாலு பேரும் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தார்கள். கிரேன் பின்னாளில் சொன்ன கணக்குப்படி, 10 கோடி டாலர் விற்பனையில் 60 சதவீதம் இவர்கள் எழுதியது. சம்பளமோ ஆளுக்கு வருஷத்துக்கு 30 ஆயிரத்துக்கும் கீழே. கேம் வரும் அட்டைப்பெட்டியின் மேல் இவர்கள் பெயர் கூடக் கிடையாது. கஸ்ஸாரிடம் போய்க் கேட்டதற்கு, கேம் அடங்கிய டப்பாவான கேட்ரிட்ஜை அசெம்பிள் செய்கிற ஆளுக்கு எவ்வளவு பங்கோ அவ்வளவுதான் உங்களுக்கும் என்கிற தொனியில் பதில் வந்ததாம். 1979-ல் வெளியே போய் ஆக்டிவிஷன் ஆரம்பித்தார்கள்.

நான் முன்பு இருந்த ஒரு கம்பெனியில், எங்கள் பாக்ஸ் நன்றாக விற்ற வருஷம், சேல்ஸ் டீமைக் குடும்பத்தோடு கடற்கரை ரிசார்ட்டுக்கு அழைத்துப் போனார்கள். எங்களுக்கு பீட்சா வந்தது. அதுவும் ஆறிப்போய். அந்த வருஷக் கடைசிக்குள் ஹார்டுவேரை இயக்கும் டிரைவர் கோட் எழுதத் தெரிந்த இரண்டு பேரும் கிளம்பிவிட்டார்கள், நிர்வாகம் அதை 'வழக்கமான அட்ரிஷன்', அதாவது சாதாரணமாக ஆள் குறைவது, என்று ஸ்லைடில் போட்டது.

அடாரியின் இன்னொரு புரோகிராமர் வாரன் ராபினெட் சண்டைக்குப் போகவில்லை. தன் அட்வென்ச்சர் கேமில், கண்ணில் படாத ஒரே ஒரு புள்ளியை ஒளித்து வைத்தார். அதைக் கண்டுபிடித்து எடுத்துக்கொண்டு போனால் ஒரு ரகசிய அறை திறக்கும், உள்ளே 'இதை உருவாக்கியது வாரன் ராபினெட்' என்று மின்னும். அதை ஒரு பையன் கண்டுபிடித்துக் கம்பெனிக்கு எழுதியபோது அவர் வேலையை விட்டே போயிருந்தார். எங்கள் பாக்ஸ் ஒன்றிலும் ரிமோட்டில் சில பட்டன்களை வரிசையாக அழுத்தினால் வரும் திரை உண்டு, அதற்கு மேல் சொல்லமாட்டேன்.

1982 மார்ச்சில் இந்தப் பெட்டிக்கு பேக்-மேன் வந்தது. இரண்டு ஆட்டக்கார உருவம் மட்டுமே தெரிந்த சிப்பில் நாலு பேயைக் காட்ட வேண்டும், டாட் ஃப்ரை ஒவ்வொரு பேயையும் முறை வைத்துக் காட்டினார், அதனால் பேய்கள் விட்டுவிட்டு மினுங்கின. விற்றது 70 லட்சம், ஆனால் அடித்துக் குவித்தது அதைவிட மிக அதிகம். அப்புறம் ஈ.டி. சினிமாவை வைத்து ஒரு கேம். உரிமம் கையில் வந்ததோ ஜூலைக் கடைசியில், கிறிஸ்துமஸுக்குக் கடையில் இருக்க வேண்டுமென்றால் செப்டம்பர் 1-க்குள் கோட் முடிய வேண்டும். மாதக்கணக்கில் பிடிக்கும் வேலையை ஹோவர்ட் ஸ்காட் வார்ஷா ஐந்தே வாரத்தில் முடித்தார், வீட்டிலேயே ஒரு டெவலப்மென்ட் மிஷினைப் போட்டுக்கொண்டு. உலகத்திலேயே மோசமான கேம் என்று இன்றைக்கும் அதைக் கிண்டலடிக்கிறார்கள். நான் ஆடிப் பார்த்தேன். குழியில் விழுந்து விழுந்து எழ வேண்டியிருக்கிறது, எரிச்சல்தான். ஆனால் ஐந்து வாரத்துக்கு அது பெரிய காரியம். சுமார் 40 லட்சம் அடிக்கச் சொன்னவர் வார்ஷா இல்லையே.

ரிலீஸ் தேதியைக் கடைக்காரர்களுக்குப் போன விளம்பரத் தாளில் பார்த்துத் தெரிந்துகொண்ட அனுபவம் எனக்கும் உண்டு. மெமரி கசிவைத் தேட நேரமில்லாமல், தினமும் ராத்திரி 3 மணிக்குப் பாக்ஸ் தானாக ரீபூட் ஆகும்படி வைத்து அனுப்பினோம். அந்த மூன்று வரிக் கோட் நான் விலகும்வரை அப்படியேதான் இருந்தது.

ஈ.டி.தான் அடாரியைக் கவிழ்த்தது என்று சொல்வது சுவாரசியமான கதை. அதற்கு முன்பே வேறொன்று நடந்திருந்தது. ஆக்டிவிஷன் மேல் அடாரி போட்ட வழக்கு 1982-ல் ராயல்டிக்கு ஒத்துக்கொண்டு சமரசமாக முடிந்தது. யார் வேண்டுமானாலும் இந்தப் பெட்டிக்குக் கேட்ரிட்ஜ் செய்யலாம் என்று ஊருக்கே தெரிந்துபோக, ஓட்ஸ் விற்கிற குவேக்கர் வரைக்கும் கேம் தொழிலில் இறங்கியது. சரக்கு தட்டுப்பாடாகும் என்று பயந்து தேவைக்கு மேல் ஆர்டர் கொடுத்திருந்த கடைக்காரர்கள், அலமாரி நிரம்பியதும் ஆர்டரை ரத்து செய்தார்கள். டிசம்பர் 7-ம் தேதி, லாபம் எதிர்பார்த்த அளவு இல்லை என்று வார்னர் அறிவித்ததும் மறுநாள் பங்கு மூன்றில் ஒரு பங்கு சரிந்தது. அறிவிப்புக்கு 23 நிமிஷம் முன்னால் கஸ்ஸார் 5,000 பங்குகளை விற்றிருந்தார், அந்த விவகாரம் பங்குச்சந்தை ஆணையம் வரை போனது. 1983-ல் அவர் விலகினார், அந்த வருஷ நஷ்டம் 50 கோடி டாலருக்கும் மேல். விற்காத சரக்கை நியூ மெக்சிகோவில் அலமகோர்டோ குப்பைக்கிடங்கில் புதைத்தார்கள். 2014-ல் தோண்டியபோது ஈ.டி. மட்டுமல்ல, நன்றாக விற்ற கேம்களும் சேர்ந்து வந்தன.

1984 ஜூலையில் கமோடோர் கம்ப்யூட்டர் கம்பெனியை நிறுவிய ஜாக் டிராமியல், அடாரியின் வீட்டு கேம், கம்ப்யூட்டர் பிரிவுகளை வாங்கினார். மிச்சமிருந்தவர்களிலும் பெரும்பாலோருக்கு வேலை போனது. அதே பெட்டியை இளைத்த வடிவில் 50 டாலருக்கும் கீழே 1992 வரை விற்றார்கள். டேவிட் கிரேன் 1987-ல்கூட அதற்கு ஒரு ஸ்கேட்போர்டு கேம் எழுதினார், அப்சொல்யூட் என்டர்டெயின்மென்ட் பெயரில்.