‘நான் எதுக்கு லாயக்கு?’ என்ற புலம்பலுக்கு ஒரு கால்மணி நேர ஜெபம்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கிடக்கும் அந்த 61 நாளில் ராமேஸ்வரம் தீவின் பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் இந்தப் புலம்பல் கூடிவிடும்.

தன்மேல் சந்தேகமும் தலைக்கனமும் எதிரெதிராகத் தெரியும். இரண்டிலும் கண் நம்மேலேயேதான். பைபிளில், விடுதலைப் பயணம் 3-ஆம் அதிகாரத்தில், எகிப்திலிருந்து மக்களை மீட்டுவரக் கடவுள் அனுப்பும்போது ‘நான் யார்?’ என்று மோசே தயங்குகிறார். கடவுள் அவர் திறமைகளை எடுத்துச் சொல்லவில்லை. கூட இருப்பதாக மட்டும் சொல்கிறார்.

கண்ணை நம்மேலிருந்து எடுத்து, கூட இருக்கும் கடவுள்மேல் வைக்கப் பழக, இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியாரின் ஆன்ம சோதனை, அதாவது அன்றைய நாளைக் கடவுளோடு திரும்பிப் பார்க்கும் ஜெபம், நல்ல வழி. 1693-ல் ஓரியூரில் மறைசாட்சியான அருளானந்தரும் இருந்த அந்தச் சபை வழிவழியாகச் செய்துவரும் ஜெபம். இரவில் 15 நிமிடம். முதலில் நன்றி. பொத்தாம்பொதுவாக வேண்டாம்; ‘பிய்ந்த வலையைத் தைக்க மச்சான் கூட உட்கார்ந்தார்’ என்ற அளவுக்குச் சொல்லுங்கள். பிறகு நாளைச் சரியாகப் பார்க்கக் கடவுளிடம் ஒளி கேட்டு, காலையிலிருந்து மணிவாரியாக நாளைப் பார்த்து, மன்னிப்பு கேட்டு, நாளைக்கு ஒரு தீர்மானம்.

சறுக்குவது எங்கே? நன்றியைத் தாண்டி நேரே குற்றக் கணக்கில் இறங்குவதில்தான். அப்புறம் அது ஜெபமில்லை, பழைய புலம்பலேதான். நன்றிக்கே ஐந்து நிமிடம் கொடுங்கள்.

‘நல்லவனாக இருப்பேன்’ என்ற தீர்மானம் விடிவதற்குள் கரைந்துவிடும். ‘காலை பத்து மணிக்குப் பக்கத்து வீட்டுப் பாட்டியை ரேஷன் கடைக்குக் கூட்டிப்போவேன்’ என்றால் நிற்கும்.

தூக்கமும் சாப்பாடும் வாரக்கணக்கில் கெட்டால் டாக்டரையும் பாருங்கள். அது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.